வழக்கில் சிக்கிய பையனுக்கு வில்லுப்பாட்டு எதற்கு?

வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்துப் பையன்களுக்குப் பாட்டும் கூத்தும் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகத் தேவை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே 53ஆம் பிரிவில், மறுவாழ்வுப் பணிகளோடு விளையாட்டையும் கலை நிகழ்ச்சிகளையும் சேர்த்திருக்கிறது.

நம்ம திருநெல்வேலிச் சீமைக்கு வில்லுப்பாட்டுதான் பொருத்தம். புலவர், அதாவது கதையை நடத்தும் முதன்மைப் பாடகர், ஒரு வரி பாடி நிறுத்துவார்; பக்கத்தில் இருப்பவர் சரியான இடத்தில் ‘ஆமா’ போட வேண்டும். குடம் அடிப்பவர் தாளம் தப்பினால் மொத்தக் கதையும் தடுமாறும். சட்டென்று அடிக்கக் கைநீட்டிப் பழகிய பையன், அடுத்தவர் முடிக்கும்வரை காதுகொடுத்துக் காத்திருக்கிறான். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், ஊர்க் கோயில் கொடை விழாவில் மேடையேற்றினால் ‘வழக்கில் சிக்கிய பையன்’ என்று படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அது குற்றம். 6 மாதம்வரை சிறையோ 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.