ஆய்விதழ் கேட்கும் நடைக்குத் துணைநூற்பட்டியலை மாற்றுவது எப்படி?

மார்த்தாண்டத்தைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: கடல்மீன்கள் பற்றிய ஆய்வேட்டில் துணைநூற்பட்டியல் ஏபிஏ நடையில் (ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கொண்டு மேற்கோள் காட்டும் முறை) இருக்கிறது, அதிலிருந்து எழுதிய கட்டுரையை அனுப்பவிருக்கும் ஆய்விதழ் உரையில் எண்ணிட்டு மேற்கோள் காட்டும் எண் முறையையும் சுருக்கிய இதழ்ப் பெயர்களையும் கேட்கிறது, எல்லாவற்றையும் கையால் மாற்ற வேண்டுமா, மென்பொருளை நம்பலாமா?

மென்பொருளிடமே விட்டுவிடுங்கள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்துகொண்டு இந்த வேலையில் மாணவர்களுக்கு உதவி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்று கவலைப்படுவதில் செலவாகும் நேரத்தில் பாதியை ஒவ்வொரு பதிவின் விவரங்களையும் சரிபார்ப்பதில் செலவிட்டால், நடையை மாற்றுவது சில நிமிட வேலைதான். துணைநூல் விவரங்களைச் சேமித்து அடுக்கித் தரும் மென்பொருளான சொட்டேரோ இலவசமாகக் கிடைக்கிறது. மெண்டலே, எண்ட்நோட் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. இவையெல்லாம் விவரங்களை எப்படி அடுக்குவது என்பதை மட்டுமே அறியும். அந்த விவரம் சரியா தவறா என்பது இவற்றுக்குத் தெரியாது.

ஒரே கட்டுரை எப்படி உருமாறுகிறது என்று பாருங்கள். ராமனும் கிருஷ்ணனும் 1928இல் நேச்சர் இதழில் வெளியிட்ட 'எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன்' என்ற கட்டுரையை ஏபிஏ நடையில் எழுதினால், 'ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928).' என்று தொடங்கி, தலைப்புக்குப் பின் 'நேச்சர், 121(3048), 501–502.' என்று முடியும். இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் வரும், வெளியீட்டு எண் சாய்வெழுத்தில் வராது. எண் முறையைச் சேர்ந்த வான்கூவர் நடையிலோ 'ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ்.' என்று முதலெழுத்துகள் புள்ளியின்றிப் பெயருக்குப் பின் ஒட்டிக்கொள்ளும், இறுதியில் 'நேச்சர். 1928;121:501-2.' என்று ஆண்டு முன்னால் வந்து பக்க எண் குறுகிவிடும். மென்பொருளில் இந்தக் கட்டுரைக்கு இருப்பது ஒரே பதிவு. நீங்கள் தேர்ந்தெடுக்கும் நடைக்கோப்பு, அதாவது ஒரு நடையின் விதிகளை மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு, மட்டுமே மாறுகிறது. பெரும்பாலான ஆய்விதழ்களுக்கு நடைக்கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. இதழின் பெயரிலேயே தேடுங்கள். 'வான்கூவர்' என்று பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நடை 1978இல் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களிடமிருந்து வந்தது. இன்று அதைப் பின்பற்றுவதாகச் சொல்லும் இதழ்களிலேயே ஒன்று எண்ணைச் சதுர அடைப்புக்குள் இடும், மற்றொன்று மேலெழுத்தாக ஏற்றும்.

பதிவுகள் கெடுவது பெரும்பாலும் இறக்குமதி செய்யும்போதுதான். கூகுள் ஸ்காலரிலிருந்து எடுக்கும் பதிவில், கட்டுரைக்கு உரிய நிலையான அடையாளமான டிஓஐ எண் இருப்பதில்லை. ஆசிரியர்கள் பலராக இருந்தால் சில பெயர்களுக்குப் பின் 'மற்றும் பிறர்' என்று வெட்டப்பட்டிருக்கும். வான்கூவர் நடை ஆறு ஆசிரியர்களை எழுதிவிட்டு 'எட் ஆல்' (மற்றும் பிறர்) இடச் சொல்கிறது. ஏபிஏ கையேட்டின் ஏழாம் பதிப்பு 20 பேர் வரை எழுதச் சொல்கிறது. வெட்டப்பட்ட பதிவிலிருந்து இந்தப் பெயர்களை மென்பொருள் எங்கிருந்து எடுக்கும்? ஆகவே டிஓஐ எண்ணைக் கொடுத்து நேரடியாகப் பதிவை வரவழைத்து, அதையும் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். தலைப்புகளைச் சொட்டேரோவில் வாக்கிய வழக்கில், அதாவது முதற்சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்திட்டு, வைத்திருங்கள். பெரிய எழுத்தாக மாற்றுவது மென்பொருளுக்கு எளிது. திரும்பச் சின்னதாக்கும்போது எது சிறப்புப் பெயர் என்று அதற்குப் புரியாது.

இதழ்ப் பெயர்ச் சுருக்கங்களை ஊகித்து எழுத வேண்டாம். ஐஎஸ்ஓ 4 என்ற தரத்தின்படி சொற்களின் சுருக்கப் பட்டியலை ஐஎஸ்எஸ்என் பன்னாட்டு மையம் பராமரிக்கிறது. அதன்படி இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் என்பது 'இந்தியன் ஜே. மெட். ரெஸ்.' ஆகும், மருத்துவ இதழ்களின் வழக்கில் அதே சுருக்கம் புள்ளிகளின்றி வரும். நேச்சர், சயன்ஸ் போன்ற ஒற்றைச் சொல் பெயர்கள் சுருங்குவதில்லை.

நம் பகுதி மாணவர்கள் உண்மையில் திணறுவது ஆசிரியர் பெயர்களில்தான். இந்த நடைகள் யாவும் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு என்ற எண்ணத்தில் அமைந்தவை. நமக்கோ இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். குமரி மாவட்டத்தில் இரட்டைப் பெயர்கள் வேறு ஏராளம். 'டி. அருள் செல்வன்' என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து 'செல்வன் டிஏ' என்று அச்சிடும், இன்னொரு கட்டுரையில் 'அருள் செல்வன் டி' என்றிருக்கும், பட்டியலில் ஒருவரே இருவராகி அகரவரிசையிலும் வெவ்வேறு இடங்களுக்குப் போய்விடுவார். முதலெழுத்தைப் பின்னால் போட்டு 'ரமேஷ் ஆர்' என்று எழுதியிருந்தால், 'ஆர்' என்பதே குடும்பப் பெயராகிவிடும். இதற்கு நான் சொல்லும் வழி, அச்சான கட்டுரையிலுள்ள 'இவ்வாறு மேற்கோள் காட்டுக' என்ற பகுதியில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவதும், சொந்தப் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் முதலெழுத்தை மற்றக் கட்டத்திலும் இடுவதும்தான். உங்கள் பெயரையும் இப்போதே ஒரே வடிவில் உறுதிசெய்துகொள்ளுங்கள். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்களின் கட்டுரைகள் இரண்டு பேருடையவையாகக் கணக்கிடப்படுவது வழக்கமாகிவிட்டது. ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை வாங்கி எல்லாக் கட்டுரைகளையும் அதன்கீழ் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மீனியல் என்பதால் இன்னொன்று. சாளையின் அறிவியல் பெயரான சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ் தலைப்பில் வந்தால் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். சொட்டேரோவின் தலைப்புக் கட்டத்தில் அதற்கான சாய்வெழுத்துக் குறிகளை இடலாம். லேடெக் என்ற ஆவண அமைப்பு மென்பொருளில் எழுதுபவர்கள் பேரினப் பெயரின் (அறிவியல் பெயரின் முதற்சொல்) முதலெழுத்தை நெளி அடைப்புக்குள் காக்காவிட்டால், அதன் துணைநூற்பட்டியல் கருவியான பிப்டெக் அதைச் சிறிய எழுத்தாக்கிவிடும். சாளையின் அறிவியல் பெயருக்குப் பின் வரும் 'வலென்சியன்ஸ், 1847' என்பது இனத்துக்குப் பெயரிட்டவரையும் ஆண்டையும் சொல்வது. அயிலை மீனின் பெயரில் அதுவே '(குவியே, 1816)' என்று அடைப்புக்குள் வருவதற்குக் காரணம், குவியே அதை வேறு பேரினத்தில் வைத்து விவரித்திருந்தார் என்பதாகும். இந்த அடைப்பைப் பார்த்து மேற்கோள் என்று எண்ணி எண்ணாக மாற்றிவிடாதீர்கள்.

முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ மீனவர்கள் உங்களிடம் நேரில் சொன்ன தகவல் பட்டியலில் இடம்பெறாது. சொன்னவர் பெயரும் நாளும் கட்டுரையின் உடலில் அடைப்புக்குள் வரும், அதையும் சில இதழ்கள் விரும்புவதில்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் கிடைக்கும் ஆய்வேட்டைச் சேர்க்கும்போது பதிவின் வகையை 'ஆய்வேடு' என்று மாற்றுங்கள். இல்லையேல் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சில் வராது. தமிழில் வெளியான நூலுக்குத் தலைப்பை ஒலிபெயர்த்து, ஆங்கிலப் பொருளைச் சதுர அடைப்பில் சேர்ப்பது ஏபிஏ வழக்கம்.

எண் முறையில் எண்களை ஒருபோதும் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். ஒரு பத்தியை இடம் மாற்றினாலே வரிசை முழுதும் மாறும். அட்டவணையில் மட்டும் வரும் மேற்கோளுக்கு, அந்த அட்டவணை உரையில் முதன்முதலாகக் குறிப்பிடப்படும் இடத்தைக் கொண்டே எண் அமைய வேண்டும். கோப்பின் கடைசியில் அட்டவணைகளை வைக்கும்போது மென்பொருள் இங்கே தவறான எண்ணைத் தரும், எனவே அதை மட்டும் கண்ணால் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின், ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதலை மட்டும் நம்பாமல் அந்த இதழின் அண்மை வெளியீட்டிலிருந்து ஒரு கட்டுரையை இறக்கி, இதழ்க் கட்டுரை, நூல் அத்தியாயம், இணையதளம் என்று வகைக்கு ஒன்றாக உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வழிகாட்டுதல் பழையதாகவே கிடப்பதுண்டு. இரண்டும் முரண்பட்டால் அச்சானதையே பின்பற்றுவது என் பழக்கம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை எதையாவது மேற்கோள் காட்டியிருந்தால் சொட்டேரோ எச்சரிக்கும். அதைப் புறக்கணிக்க வேண்டாம். பிறகு மேற்கோள்கள் மென்பொருளோடு இணைந்திருக்கும் கோப்பைத் தனியே பாதுகாத்து, இணைப்பு நீக்கிய நகலை ஆய்விதழுக்கு அனுப்புங்கள்; திருத்தங்கள் கேட்டு வந்தால் மூலக்கோப்பில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.