மகப்பேறு சிகிச்சைக்கு நிதி கேட்பது எப்படி? கேள்வி பதில்

தமிழ்நாட்டின் மலைக் கிராமங்களிலும் கடைக்கோடி ஊர்களிலும் வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

எங்கள் மலைக் கிராமத்துக்குப் பிரசவ வசதி கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். எதில் தொடங்குவது?

தாமதம் எங்கே நடக்கிறது என்பதில். வீட்டில் முடிவெடுப்பதிலா, வண்டி வருவதிலா, மருத்துவமனைக்குள் போன பிறகா? கடந்த 2 ஆண்டுப் பிரசவங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: வலி கண்ட நேரம், 108-க்குச் சொன்ன நேரம், வண்டி வந்த நேரம், முதலில் போன இடம், அங்கிருந்து வேறு இடத்துக்கு அனுப்பிய காரணம். பெயர்கள் வேண்டாம். "ரத்தம் இல்லை", "மயக்க மருந்து டாக்டர் இல்லை" என்று திரும்பத் திரும்ப வந்தால், எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வண்டிதான் தாமதம் என்றால் மலையடிவாரத்தில், பிரசவ நாள் நெருங்கும்போது கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்கும் பிரசவ காத்திருப்பு அறை கேளுங்கள்.

புதுக் கட்டடம் கேட்கலாம் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

கட்டடம் கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடக்கும், அதனால் எளிதாகக் கிடைக்கும். ஆள் போடாத கட்டடம் ஒரு தாயையும் காப்பாற்றாது. முதலில் டாக்டர், நர்ஸ் பணியிடம் கேளுங்கள்.

எங்கள் தாலுகா மருத்துவமனையில் சிசேரியன் செய்கிறார்கள். ரத்தம் தேவைப்பட்டால் மட்டும் மாவட்டத் தலைநகருக்கு அனுப்புகிறார்கள்.

உங்களுக்குத் தேவை ரத்த சேமிப்பு மையம்; வேறு ரத்த வங்கியிலிருந்து ரத்தம் வாங்கி வைத்துக் கொடுக்கும் இடம். கொடையாளரிடம் ரத்தம் எடுக்கும் முழு அளவு ரத்த வங்கி கேட்டால் செலவைக் காட்டி மறுப்பார்கள். ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் சேமிப்பு மையத்துக்குத் தனி உரிமம் வேண்டாம். மாநில உரிம அதிகாரியின் ஒப்புதலும், ரத்தம் தர உரிமம் பெற்ற தாய் ரத்த வங்கி ஒன்றின் சம்மதமும் போதும். கோரிக்கையில் நான்கைப் பிரித்து எழுதுங்கள்: 2 முதல் 6 டிகிரி வெப்பநிலை காக்கும் ரத்தக் குளிர்பெட்டி, இரவு மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பு, ரத்தப் பொருத்தம் பார்க்கும் பரிசோதனைப் பொருட்கள், இரவுப் பணிக்கும் சேர்த்து ஆய்வக நுட்புநர்கள். பெரும்பாலும் கோட்டைவிடுவது கடைசியதைத்தான். குளிர்பெட்டி வந்து இறங்கும், இரவு 2 மணிக்கு அதைத் திறந்து பொருத்தம் பார்க்க ஆள் இருக்காது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். விடியும்வரை காத்திருக்க முடியாது.

ரத்தத்துக்கும் ஸ்கேனுக்கும் காசு கேட்கிறார்கள். அதற்கும் நிதி கேட்க வேண்டுமா?

வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, போக்குவரத்து எல்லாம் 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். இது புகார் கொடுக்க வேண்டிய விஷயம். நிதிக் கோரிக்கையோடு கலந்தால் இரண்டும் கெடும்.

எம்.எல்.ஏ. தொகுதி நிதியில் வாங்கலாமா?

கருவி, கட்டடம் போன்ற நிலையான சொத்துக்கு முயலலாம். சம்பளம், டீசல், பராமரிப்புக்கு அது உதவாது. அந்தத் தொடர்செலவை யார் ஏற்பது என்று மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்கிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் வாங்கிய கருவி மூலையில் கிடக்கும்.

மனுவை எந்த மாதம் கொடுப்பது?

மார்ச்சில் கொடுத்தால் தாமதம்; மாநில பட்ஜெட் அதற்குள் உருவாகியிருக்கும். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் (NHM) திட்டம் வட்டாரத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் தாண்டி மத்திய அரசின் ஒப்புதலுக்குப் போகும். ஆகவே ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். "சுகாதார வசதி செய்து தர வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எந்த அதிகாரிக்கும் அதில் வேலை இல்லை. மருத்துவமனையின் பெயர், பணியிடம், எண்ணிக்கை, வேறு இடத்துக்கு அனுப்பிய காரணங்களின் கணக்கு ஆகியவை இருக்க வேண்டும். நகலைத் தாலுகா மருத்துவமனைக்கு என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்றால் வட்டார மருத்துவ அலுவலரிடமும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

"நிதி இல்லை" என்று பதில் வந்தால்?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்று கேள்வி போதும். கடந்த 2 நிதியாண்டுகளில் அந்த மருத்துவமனைக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, பணம் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்று அனுப்பிய தேதி எது? பதிலுக்கு 30 நாள் கெடு. பணம் வந்தும் செலவாகாமல் நிற்பது உண்டு. முந்தைய தவணைக்குச் சான்று போகாததால் அடுத்தது நின்றுபோவதும் உண்டு. அப்படியானால் மருத்துவமனைச் செலவுகளைக் கவனிக்கும் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் அந்தச் சான்றை அனுப்பச் சொல்லி வற்புறுத்துங்கள். புது மனு அதற்குப் பிறகு.