தோலில் தெரியும் கல்லீரல் வைரஸ்

கேள்வி: எனக்கு வயது 54. 1996இல் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றினார்கள். ஓராண்டாக, நெடுநேரம் நின்று வேலை செய்தால் கணுக்காலுக்கு மேல் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றி, சில நாட்களில் பழுப்புக் கறையாகின்றன. மூட்டு வலியும் உண்டு. பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. மஞ்சள் காமாலையே வராத எனக்கு இது எப்படி? களிம்பு பூசினால் போதாதா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: தானமாகப் பெறும் ரத்தத்தை இந்த வைரஸுக்காகச் சோதிப்பது இந்தியாவில் 2001இல்தான் கட்டாயமானது என்பதால், அன்று ஏற்றிய ரத்தத்தின் வழியே இது வந்திருக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலோருக்குக் காமாலை எதுவும் இல்லாமலேயே பல ஆண்டுகள் கல்லீரலில் தங்கிவிடும்.

வைரஸுக்கு எதிராக உடல் ஓயாமல் உண்டாக்கும் புரதங்களில் சில, குளிர்ந்தால் திரளும் தன்மை கொண்டவை. கிரையோகுளோபுலின் எனப்படும் இவை சிறு ரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து அழற்சியை உண்டாக்குவதால், ரத்தம் தோலுக்குள் கசிகிறது. கண்ணாடித் தம்ளரால் அழுத்திப் பாருங்கள். சாதாரணச் சிவப்பு வெளுத்துவிடும், இந்தப் புள்ளி வெளுக்காது. உள்ளே கசிந்ததைக் களிம்பு என்ன செய்யும்?

கிரையோகுளோபுலின் பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்தை, சீரம் எனப்படும் தெளிந்த நீர்ப்பகுதி பிரியும்வரை 37 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். குழாயை மேசையில் ஆறவிட்டால் புரதம் முன்னதாகவே திரண்டு, 'இல்லை' என்று தவறாக முடிவு வரும். ஆகவே ஆய்வகத்தில் இதைக் கேட்டுக்கொண்ட பிறகே ரத்தம் கொடுங்கள். மூட்டுவாதத்துக்காகப் பார்க்கும் 'முடக்குவாதக் காரணி' என்ற ரத்தப் பரிசோதனையும் இந்நோயில் பாசிட்டிவாக வரும் என்பதால், வெறும் மூட்டுவாதம் என்று எண்ணி நாள் கடத்துவோர் உண்டு. சிறுநீரில் புரதம் கசிகிறதா, பாதத்தில் மரமரப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வைரஸ் இப்போதும் ரத்தத்தில் இருப்பதை, அதன் மரபுப்பொருளைத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனையால் உறுதி செய்தபின், வழக்கமாக 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முற்றிலும் குணமாகிறது. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2018 முதல் இது இலவசம். கீழாநெல்லிச் சாறு இந்த வைரஸை ஒழிப்பதில்லை. மாத்திரையைத் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சி வைரஸ் அடங்கும்போது பி வைரஸ் தலைதூக்கக்கூடும். புள்ளிகள் முழுவதும் மறையச் சில மாதங்கள் ஆகலாம்.

கேள்வி: ஹெபடைடிஸ் சி உள்ள என் கணவருக்கு, வெயிலில் போய்வந்தால் புறங்கையில் கொப்புளம் வருகிறது. இதுவும் அதுதானா?
- வாசகி, மதுரை

பதில்: இது வேறு; போர்ஃபிரியா குட்டேனியா டார்டா என்ற நோயாக இருக்கலாம். கல்லீரலில் ஒரு நொதி குறைவதால் தேங்கும் போர்ஃபிரின் என்ற பொருள், வெளிச்சம் பட்டதும் தோலைப் புண்ணாக்குகிறது. குடிப்பழக்கமும் உடலில் மிகுந்த இரும்பும் இதைத் தூண்டும். சிறுநீர்ப் பரிசோதனையில் உறுதியாகும். சன்ஸ்கிரீனைவிட முழுக்கைச் சட்டை மேல். மதுவை அடியோடு நிறுத்த வேண்டும். சோர்வாக இருக்கிறது என்று கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தராதீர்கள்.