டிரை ஐஸ் அடித்து அச்சு சுத்தம் செய்வது: வாசகர் கேள்விகள்

கேள்வி: ரப்பர் மோல்டு சுத்தம் செய்ய டிரை ஐஸ் மெஷின் வாடகைக்கு எடுத்தோம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஹோஸ் அடைத்துக்கொள்கிறது. பெல்லட் (டிரை ஐஸ் குருணை) தரமில்லையா? (ஓசூர் வாசகர்)

பதில்: பெல்லட்டைக் குறை சொல்லுமுன், அதை அச்சின் மீது அடிக்கும் கம்ப்ரஸர் காற்றைப் பாருங்கள். டிரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு. அதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி. கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருந்தால் அது ஹோஸுக்குள்ளேயே பனியாக உறைந்து, பெல்லட்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கம்ப்ரஸருக்குப் பின் ஆஃப்டர்கூலர் (சூடான காற்றைக் குளிர்விப்பது), நீர்பிரிப்பான், டிரையர் (மிச்ச ஈரத்தை எடுப்பது), அதன்பின் மெஷின் என்ற வரிசை கட்டாயம் வேண்டும். ஐஸ் போடாமல் இரண்டு நிமிடம் வெறும் காற்றை வெள்ளைத் துணியில் அடித்துப் பாருங்கள். துணி நனைந்தாலோ எண்ணெய்ப் புள்ளி விழுந்தாலோ வேலையைத் தொடங்க வேண்டாம்.

அடுத்து, காற்றின் அளவு. டிரிக்கரை அழுத்தியபடியே அழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். அழுத்தாதபோது காட்டும் 6 பாருக்கு அர்த்தமில்லை. நிமிடத்துக்கு 3 கன மீட்டர் காற்று கேட்கும் நாஸிலுக்கு (ஹோஸின் முனைக்கு) 10 ஹெச்.பி. கம்ப்ரஸர் போதாது. அது ஏறக்குறைய 1 கன மீட்டர்தான் தரும். அழுத்தம் சரிந்தால் பெல்லட் வேகமிழந்து ஹோஸ் வளைவில் தேங்கும். சிறிய நாஸில் மாட்டுங்கள், அல்லது 25 ஹெச்.பி.க்குக் குறையாத கம்ப்ரஸர் பிடியுங்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் பிறகு பெல்லட். நல்ல பெல்லட் 3 மி.மீ. தடிமனில், அரிசி போல உதிரியாக இருக்கும். மேலே வெண்பொடி பூத்து, கட்டி கட்டியாக இருந்தால் பழையது. அன்றன்றைய தேவைக்கு மட்டும் வாங்குங்கள். ஹாப்பரில் (மெஷினின் ஐஸ் தொட்டியில்) 10 கிலோவுக்கு மேல் கொட்டி வைக்காதீர்கள், மூடியைத் திறந்து போடாதீர்கள். டீ இடைவேளைக்குப் போகுமுன் ஐஸ் ஊட்டத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் காற்றை மட்டும் ஓடவிட்டு ஹோஸைக் காலி செய்யுங்கள். அடைத்துவிட்டால் காற்றை மூடி, அழுத்தத்தை முழுதும் வெளியேற்றி, தானாக இளகும்வரை காத்திருங்கள். அழுத்தம் இருக்கும்போது நாஸிலைக் கழற்றவோ உள்ளே எட்டிப் பார்க்கவோ கூடாது.

கேள்வி: மணல் அடிப்பதைப் போல இது துருவையும் எடுக்குமா? (கோவை வாசகர்)

பதில்: ஆழமான துருவை எடுக்காது. பெயின்ட் பிடிக்கத் தேவையான சொரசொரப்பையும் தராது. டிரை ஐஸ் மென்மையானது, எஃகைத் தேய்க்காது. மோல்டுக்கு அதுதான் வரம்: காற்றுத் துளைகள் அடைபடாது, ஓரங்கள் மழுங்காது. படிந்த அழுக்கு திடீரென்று குளிர்ந்து வெடிக்கிறது. அந்த வெடிப்பில் புகுந்த ஐஸ் நொடியில் வாயுவாகிச் சுமார் 800 மடங்கு விரிந்து அழுக்கைத் தூக்கி எறிகிறது. அதனால் மோல்டைக் கழற்றாமல், பிரஸ்ஸிலேயே 150 டிகிரி சூட்டில் அடிப்பதே சிறந்தது.

கேள்வி: சுத்தம் செய்தபின் எங்கள் அச்சு வியர்க்கிறது. மறுநாளே துரு. (சென்னை வாசகர்)

பதில்: ஆறிய அச்சில் அடித்திருப்பீர்கள். சென்னைக் காற்றில் 25 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பும் வியர்க்கும். நாஸிலை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்துங்கள். முடிந்தவுடன் ஐஸ் இல்லாத உலர்ந்த காற்றை அடித்து, அச்சை 50 டிகிரிக்குச் சூடாக்கி, துருத்தடுப்பு எண்ணெய் பூசுங்கள். நாளைக்குப் பூசலாம் என்று விட்டால் அதற்குள் துரு பிடித்துவிடும்.

கேள்வி: மூடிய அறையில் அடிக்கலாமா? எங்களிடம் ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறது. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அந்த மீட்டரை நம்பி அடிக்காதீர்கள். ஒரு கிலோ டிரை ஐஸ் அரை கன மீட்டருக்கும் மேலான வாயுவாகிறது. மணிக்கு 40 கிலோ அடித்தால் 20 கன மீட்டருக்கு மேல். காற்றில் 4 சதவீதம் கரியமில வாயு சேர்ந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆனால் அந்த அளவில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 20.1 வரைதான் இறங்கியிருக்கும், 19.5-ல் கூவும் உங்கள் மீட்டர் வாயே திறக்காது. கரியமில வாயுவை நேரடியாக அளக்கும் மீட்டர் வாங்குங்கள். எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 0.5 சதவீதம், 15 நிமிடத்துக்கு 3 சதவீதம். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பிரஸ்ஸின் அடிக்குழியில்தான் முதலில் தேங்கும். எனவே உறிஞ்சும் விசிறியைத் தரைமட்டத்தில் வையுங்கள், குழிக்குள் ஆளை இறக்காதீர்கள்.

காதுக் கவசம், முகக் கவசம், குளிர் தாங்கும் கையுறை, மெஷினுக்கும் அச்சுக்கும் எர்த் ஒயர் என எதையும் விடக்கூடாது. மிஞ்சிய பெல்லட்டை இறுக மூடிய டப்பாவில் அடைத்தால் வெடிக்கும்; கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டுபோனால் ஓட்டுபவர் மயங்குவார். ஆள் நடமாட்டமில்லாத திறந்தவெளியில் பரப்பிவிடுங்கள், தானே ஆவியாகிவிடும்.