தவிட்டு எண்ணெயில் ஹெக்சேன்: யாருக்கு ஆபத்து?

அரிசித் தவிட்டு எண்ணெயை ஹெக்சேன் என்ற ரசாயனத்தைக் கொண்டு பிரித்தெடுக்கிறார்களாமே, சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம். என் கவலையெல்லாம் ஹெக்சேனைச் சுவாசிக்கும் தொழிலாளியைப் பற்றியதுதான்.

பெட்ரோலியக் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் நிறமற்ற திரவம் ஹெக்சேன். தவிட்டில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம்தான். பிழிந்தால் சரியாக வராது. ஹெக்சேன் அதைக் கரைத்து எடுத்துவிடும். 69 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பதால் சூடேற்றியதும் ஆவியாகிப் பிரிந்துவிடும். அந்த ஆவியைக் குளிரவைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். சுத்திகரித்த எண்ணெயில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஹெக்சேன் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி.

ஆலைக்குள் முதல் அச்சம் தீ. ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. தரையோடு படர்ந்து பள்ளங்களில் தேங்கும். காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். 1981 பிப்ரவரி 13 அதிகாலையில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா ஆலை ஒன்றிலிருந்து சாக்கடைக்குள் புகுந்த ஹெக்சேன், ஒரு காரின் பொறியால் வெடித்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தெருக்கள் பிளந்தன. உயிரிழப்பு இல்லை என்பது பெரும் அதிர்ஷ்டம்.

தீயாவது கண்ணுக்குத் தெரியும். நரம்புகளையோ ஹெக்சேன் சத்தமில்லாமல் அரிக்கிறது. உடலுக்குள் போன ஹெக்சேனைக் கல்லீரல் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற நச்சாக மாற்றுகிறது. கால்விரல்கள் முதலில் மரத்துப்போகும், பிறகு கைவிரல்கள், பிறகு நடையே தளரும். வேலையை விட்ட பிறகும் சில மாதங்கள் பாதிப்பு முற்றிக்கொண்டே போகலாம் என்பதுதான் கொடுமை. ஜப்பானிலும் இத்தாலியிலும் செருப்புத் தொழிலாளர்கள் பசையிலிருந்த ஹெக்சேனால் இப்படி முடங்கினார்கள். 2009இல் சீனாவின் சூஜோ நகரில் ஒரு தொழிற்சாலையில், கைப்பேசித் தொடுதிரைகளைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதில் இதைக் கொடுத்தார்கள். சீக்கிரம் உலரும் என்பதே காரணம். 137 பேர் பாதிக்கப்பட்டார்கள். உற்பத்தி வேகத்துக்காக மனிதர்களின் நரம்பைப் பணயம் வைத்த அந்த முடிவை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹெக்சேனுக்குப் பதில் ஹெப்டேன் என்ற அதே வகைத் திரவம் பல வேலைகளுக்குப் போதும். இந்த நரம்புச் சேதம் அதில் மிகக் குறைவு.

உங்கள் வீட்டில் யாராவது செருப்பு, பை ஒட்டும் பட்டறையில் வேலை செய்தால் பசை டப்பாவின் லேபிளைப் படித்துப் பாருங்கள். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. ஆவியை வெளியே இழுக்கும் விசிறி வேண்டும். விரல்கள் மரத்துப்போனால் மருத்துவரிடம் சர்க்கரை அளவை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், எந்தப் பசையோடு வேலை செய்கிறார் என்பதையும் சொல்லுங்கள்.