முதல் நாளில் பயிற்சி ஏன் தரவில்லை?

காரைக்குடி வாசகி ஒருவர் கேட்கிறார்: "பைக் விபத்தில் தலையில் அடிபட்ட என் கணவர் ஆறு வாரம் கழித்து வீடு திரும்பியிருக்கிறார். நன்றாகத்தான் நடக்கிறார். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் கேள்வி கேட்பதும் நடக்கவிட்டுப் பார்ப்பதுமாக இருந்துவிட்டு, ஒரு பயிற்சியும் தராமல் போய்விட்டார். இது சரியா?"

சரிதான். தலையில் அடிபட்டவருக்குத் தசை வலுவாக இருந்தாலும் கவனம், நினைவாற்றல், பார்வை, உட்காதின் சமநிலை உறுப்பு ஆகியவற்றுள் எது பழுதுபட்டாலும் நடை தடுமாறும். காரணத்தைப் பிரித்தறியாமல் தரும் பயிற்சி வீண். டிஸ்சார்ஜ் சம்மரியில் 3 முதல் 15 வரையிலான கிளாஸ்கோ கோமா மதிப்பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது அடிபட்ட அன்று சுயநினைவு எந்த அளவில் இருந்தது என்பதைச் சொல்லுமே தவிர, இன்று அவரால் தனியே படியிறங்க முடியுமா என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் 14 செயல்களும் 56 மதிப்பெண்களும் கொண்ட பெர்க் சமநிலைச் சோதனை போன்றவை இருக்கின்றன.

"நன்றாகத்தான் நடக்கிறார்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கவலை. பேசாமல் நேராக நடந்த ஒருவரை, 100 இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொன்னேன். 94 என்றதும் கால் நின்றுவிட்டது, கை தூணைத் தேடியது. கடைத்தெருவில் யாராவது கூப்பிட்டாலும் அவருக்கு இதுதான் நேரும். இந்தச் சோதனையை உங்கள் வீட்டிலேயே செய்யும்படி பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். உயரமான நிலைப்படியைத் தாண்டும்போதும், வீட்டுக்குள் மங்கலாக இருக்கும் பட்டாலையிலிருந்து வெயில் விழும் முற்றத்துக்கு வரும்போதும், ஈரமான ஆத்தங்குடித் தரைக்கல்லில் கால் வைக்கும்போதும் உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்பது மருத்துவமனையின் சமதளத்தில் தெரியாது.

படுக்கையில் புரளும்போது சில நொடிகள் தலை சுற்றினால் அதையும் சொல்லுங்கள். அடிபட்ட அதிர்ச்சியில் உட்காதின் நுண்துகள்கள் இடம்பெயர்ந்திருக்கலாம். கழுத்தில் காயமில்லை என்று உறுதிசெய்தபின், தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

அவரைக் கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். அவர் மறைக்கவில்லை, தன் குறையைத் தானே உணர முடியாததும் இந்தக் காயத்தின் விளைவாக இருக்கலாம். ஆகவே எந்த நேரத்தில் சோர்கிறார், எதற்குக் கோபப்படுகிறார், எப்படித் தூங்குகிறார் என்று ஒரு வாரம் நீங்கள் குறித்துவைப்பது மதிப்பீட்டில் பாதி வேலை. ஆனால் தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி, வலிப்பு, வழக்கத்தை மீறிய மயக்கத் தூக்கம், ஒரு பக்கக் கை கால் தளர்வு ஆகியவற்றில் ஒன்று வந்தாலோ பிசியோதெரபிஸ்ட்டுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.