ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பழைய பண்ணை மாளிகை ஹோட்டலில் தங்குவது கொடுக்கும் காசுக்குத் தகுமா?

தகும். ஆனால் பகலில் பாதியையாவது அந்தப் பண்ணைக்குள்ளேயே கழிக்கத் தயாராக இருக்க வேண்டும். காலையில் காரை எடுத்துக்கொண்டு கடற்கரை, குகை, கடைவீதி என்று சுற்றிவிட்டு ராத்திரி படுக்க மட்டும் வருபவர்களுக்குத் தீவின் தலைநகரான பால்மாவிலேயே நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன, செலவும் குறைவு. பண்ணை ஹோட்டலில் நாம் காசு கொடுப்பது அறைக்கு அல்ல, அறையைச் சுற்றி இருக்கும் நிலத்துக்கு. பன்யால்புஃபார் பக்கம் 2023-இல் திறந்த சோன் புன்யோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்தபோது மொத்தம் 26 அறைகள்தான், நிலமோ ஆயிரம் ஏக்கருக்கு மேல்.

நானும் மனைவியும் அக்டோபர் கடைசியில் போனோம். நாங்கள் இருக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஜெர்மன்காரர்களுக்கு இந்தத் தீவின் மேல் அப்படி ஒரு மோகம். அலுவலகத்தில் யாரிடம் கேட்டாலும் கடற்கரையைப் பற்றித்தான் சொல்வார்கள். நாங்கள் தங்கியது வடமேற்கில், திராமுந்தானா மலையடிவாரத்தில்.

இந்த மாளிகைகளுக்கு அங்கே பொசெசியோ என்று பெயர். 1229-இல் அரகோன் மன்னர் முதலாம் ஜாய்மே தீவை முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றி, நிலத்தைத் தன்னோடு வந்தவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். பெரும் பண்ணைகளின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. பிற்காலத்தில் சொந்தக்காரக் குடும்பம் பெரும்பாலும் பால்மாவில் வசித்தது, கோடையில் மட்டும் வந்து போனது. நிலத்தை நடத்தியவர் ‘லாமோ’ எனப்படும் குத்தகைக்காரர். வீட்டின் அமைப்பிலேயே இது தெரியும். நடுவில் கல் பாவிய முற்றம், அதன் கீழே மழைநீர்த் தொட்டி, தரைத்தளத்தில் குத்தகைக்காரர் குடும்பம், மாடியில் எஜமானர். ஹோட்டலாக மாறிய பிறகும் மாடி அறைக்குத்தான் வாடகை அதிகம்!

எங்கள் ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடம் பழைய ஆலிவ் செக்குக்கூடம். ஒரு முழு மரத்தின் நீளத்துக்கு ஓர் உத்தரம் கூடத்தின் குறுக்கே கிடக்கிறது. கோவேறு கழுதை கல்லைச் சுற்றி இழுத்துக் காயை அரைக்கும். அந்த விழுதை எஸ்பார்த்தோ புல்லில் பின்னிய வட்டப் பாய்களில் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெந்நீர் ஊற்றி, உத்தரத்தின் பாரத்தால் அமுக்கி எண்ணெய் எடுத்தார்கள். காய் பொறுக்கியது யார் என்றால், தீவின் நடுவிலுள்ள சமவெளிக் கிராமங்களிலிருந்து இலையுதிர்காலத்தில் கூலிக்கு வந்த பெண்கள். அறுவடை முடியும்வரை பண்ணையிலேயே கூட்டமாகத் தங்குவார்கள். அறையில் வைத்திருந்த கையேட்டில் எஜமானர் வம்சம் இரண்டு பக்கம், அந்தப் பெண்களுக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அது உறுத்தியது. ஆனால் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய பெரியவரிடம் கேட்டதும் மனிதர் அரைமணி நேரம் பேசினார். அதனால் சொல்கிறேன், கையேட்டை மூடிவிட்டு ஆட்களிடம் கேளுங்கள்.

மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் வரப்புகள். சாந்து இல்லாமல், கல்லோடு கல் பொருத்திக் கட்டியவை. மழைநீர் இடுக்கு வழியே கசிந்துவிடும், மண் மட்டும் நிற்கும். திராமுந்தானாவை யுனெஸ்கோ 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த வரப்புகளும் பழைய வாய்க்கால்களும் முக்கியக் காரணம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வரப்புகளுக்கு இடையே நடந்தால் ஆட்டு மணிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி திரிந்து நிற்கும் கிழட்டு ஆலிவ் மரங்களுக்குள் ஒரு ஆளே நுழைந்து நிற்கலாம். என் மனைவி நின்று பார்த்தாள்.

இன்னொரு ஆச்சரியம் திரைச்சீலை. ஓரம் கலங்கிய நீலச் சுடர் வடிவங்களைப் பார்த்ததும் என் மனைவி “இது போச்சம்பள்ளிச் சேலைத் துணி ஆச்சே” என்றாள். கிட்டத்தட்ட சரிதான். ‘ரோபா தே யெங்குவெஸ்’ என்ற அந்த மயோர்க்காத் துணியும் நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் போடும் இக்கத் முறையில் ஆனது. சாந்தா மரியா, பொயென்சா ஊர்களில் இன்றும் நெய்கிறார்கள்.

சரி, எப்போது போவது? இங்கேதான் சிக்கல். பாதாம் பூப்பது ஜனவரி கடைசி, பிப்ரவரி. ஆலிவ் அறுவடை சூடு பிடிப்பது நவம்பர். இந்த ஹோட்டல்களில் பல அந்த மாதங்களில்தான் மூடிக் கிடக்கும்! பண்ணை பண்ணையாக இருக்கும் காலத்தில் விருந்தாளிக்கு இடம் இல்லை. அக்டோபர் பிற்பாதி நல்ல சமரசம். பச்சைக் காய் பறிப்பு தொடங்கியிருக்கும், நடக்க வெயில் இதமாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நீச்சல் குளத்தைச் சுற்றியே ஆட்கள் கிடப்பார்கள், வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

பட்ஜெட் இடித்தால் ‘அக்ரோதூரிஸ்மே’ (பண்ணைச் சுற்றுலா விடுதி) என்ற பெயருள்ள இடங்களைத் தேடுங்கள். அந்த உரிமம் வாங்க வீடு 1960-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். ஆகவே பெயருக்குப் பண்ணை வேடம் போட்ட புதுக் கட்டடம் அல்ல. பட்டுத் தலையணை இருக்காது, ஆனால் முற்றமும் மரங்களும் அதேதான். வாடகைக்கு மேல் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்குச் சில யூரோ சுற்றுலா வரி உண்டு, 2016 முதல் வாங்குகிறார்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. ஆனால் குழந்தைகளோடு போவதாக இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள், பல ஹோட்டல்கள் பெரியவர்களுக்கு மட்டும்தான்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காலையில் அழகாகச் சுருட்டி வைத்திருக்கும் என்சாய்மாதா என்ற இனிப்பு ரொட்டியில் பன்றிக்கொழுப்பு உண்டு, அந்த ஊர் ரொட்டி வகைகள் சிலவற்றிலும் அப்படியே. ஆரஞ்சு நிறத்தில் ரொட்டியில் தடவும் சோப்ராசாதாவும் பன்றி இறைச்சிதான். தும்பெத் கேளுங்கள்: கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாயைத் தனித்தனியே பொரித்து அடுக்கித் தக்காளிச் சாறு ஊற்றியது. இரண்டு நாள் அதையே கேட்டோம். தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டி மதியத்துக்குப் போதும். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன் கிடைப்பது சிரமம், பையில் கொஞ்சம் முறுக்கு இருந்தால் நல்லது.

கார் இல்லாமல் மலைப்பக்கப் பண்ணைகளுக்குப் போவது கஷ்டம். எடுப்பதானால் சின்னக் காராக எடுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டர் பெரும்பாலும் இரு பக்கமும் கல்சுவர், எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டும். வாடகைக் கார் கம்பெனிக்காரர் பெரிய வண்டியை அதே விலைக்குத் தருகிறேன் என்று ஆசை காட்டுவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.